பயத்தில் போன ஞாயிறுகள்

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் சின்னது. தகரக் கூரை. பங்குனி வெயிலில் அது படபடவென்று சத்தம் போடும். போதகர் அருப்புக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்து சேரும்வரை பெண்கள் நாங்கள் பாயில் உட்கார்ந்து ஒன்று மாற்றி ஒன்று பாடிக்கொண்டிருப்போம். டவுனுக்குக் குடிவந்து ஆறு வருஷமாகியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனம் அங்கேதான் போய் உட்காருகிறது.

அந்தக் கோயிலுக்கு இரண்டு வருஷம் நான் பயந்துகொண்டு போனேன். அதற்குக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கல்யாணமான முதல் வருஷம். மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். காட்டில் பருத்தி வெடித்து நின்றது. மழை இறங்கினால் பஞ்சு கறுத்துவிடும் என்று அந்த ஞாயிறு கோயிலுக்குப் போகாமல் நானும் கணவரும் பருத்தி எடுக்கப் போனோம். நான்காம் நாள் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தபோது கணவரின் அண்ணன் மனைவி பார்க்க வந்தாள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னாள்.

“ஆண்டவரு நாள்ல செடியில கைய வச்சா அவரு சும்மா விடுவாரா?”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை.

ஆனால் அவள் சொன்னதை நம்பிவிட்டேன். அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. காய்ச்சலோடு போனேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். ஜெபத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் முதலிலிருந்து தொடங்குவேன். கணவர் ஒருநாள் கேட்டார், “மழைக்கு முன்னால துணி எடுக்க ஓடுற மாதிரி ஓடுறியே, எதுக்கு?” அவர் கேட்டு முடிக்கும் முன்பே நான் தெருவில் இறங்கியிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அக்கா குழாயடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தொடைவரை மாவுக்கட்டு. அவள் புருஷன் லோடு வண்டியில் வெளியூர் போய்விடுவார். மகன் விருதுநகர் ஹாஸ்டலில். அந்த வாரம் போதகர் சத்துருவையும் நேசிப்பதைப் பற்றிப் பேசினார். கீழ்ப்படியாவிட்டால் இன்னும் என்ன வந்து விழுமோ என்று பயந்தேன். மறுநாளே தூக்குவாளியில் சோறும் அகத்திக்கீரையும் கொண்டுபோய் அவள் கட்டிலடியில் வைத்துவிட்டு, முகம் பாராமல் திரும்பினேன். ஐந்து நாள் அப்படியே. ஆறாம் நாள் அவள் வாளியைத் தள்ளி வைத்தாள்.

“வேணாம். எடுத்துட்டுப் போயிரு.”

“ஏன், உப்புக் கூடிப்போச்சா?”

“சோறு நல்லாத்தான் இருக்கு. நீ எனக்காகக் கொண்டாரல. ஆண்டவருக்குப் பயந்து கொண்டார. தொண்டையில எறங்க மாட்டேங்குது.”

கோபத்தில் உடம்பு எரிந்தது. வாளியை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று சனிக்கிழமை, கோயில் பெருக்கும் முறை எனக்கு. உச்சி வெயிலில் தனியாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் விளக்குமாறு கையை விட்டு நழுவியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“எம்மேல கோவமா ஆண்டவரே? அன்னிக்கி வரலன்னுதான் பிள்ளைய எடுத்தீரா?”

இரண்டு வருஷமாக நாள் தவறாமல் ஜெபித்தவள், ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. கேட்டதும் அழுகை வந்தது. குழந்தை போன அன்றுகூட அப்படி அழவில்லை. பதில் குரலாக எதுவும் வரவில்லை. எதிரே சுவரில் சிலுவை இருந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது தோன்றியது: ஆண்டவரும் இதே சிலுவையில் தன் பிள்ளையைச் சாகக் கொடுத்தவர்தானே. ஒரு மூட்டைப் பஞ்சுக்காக என் பிள்ளையை எடுக்கிறவராக இருந்தால், எனக்காகத் தன் பிள்ளையைக் கொடுத்திருப்பாரா?

அன்றுதான் அவர்மேல் எனக்குப் பிரியம் வந்தது. அதற்கு முன்பு இருந்ததற்கு என்ன பேர் வைத்தாலும் அது பிரியமில்லை. மீதியையும் பெருக்கி முடித்தேன். மூலை முடுக்கெல்லாம் பெருக்கினேன், யாரும் சொல்லாமலே.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். போகச் சொல்லி எந்தப் பயமும் என்னை விரட்டவில்லை. ஒரு வாரமாகச் சீவாத அவள் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தேன். அவள் தடுக்கவில்லை. பாதி சிக்கு எடுத்த பிறகு, திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

“எனக்கும் ரெண்டு கலைஞ்சிருக்கு, மகன் பெறக்குறதுக்கு முந்தி. அப்ப எங்கம்மா எனக்குச் சொன்னதத்தான் உனக்குச் சொன்னேன். எனக்கு வேற சொல்லத் தெரியலத்தா.”

“நீங்க அத நம்புனீகளா?”

“நம்பாம? இன்னைக்கி வரைக்கும் பயந்துக்கிட்டுத்தான கெடக்கேன்.”

கோயிலில் எனக்குத் தோன்றியதை அவளிடம் சொன்னேன். சரியாகச் சொன்னேனா தெரியாது. அவள் தோள் குலுங்கியது. நானும் அழுதேன். பிறகு இரண்டு பேருக்குமே பசித்தது. அடுப்பைப் பற்றவைத்து அவள் வீட்டு அரிசியிலேயே கஞ்சி காய்ச்சினேன்.

கட்டுப் பிரிக்கும்வரை தினமும் மத்தியானம் போனேன். எத்தனை பேச்சு! அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் கதைகள், போதகர் மாதிரி அவள் பேசிக்காட்டுவது. வெளியே வேலிக்கருவை மேல் வெயில் காயும். பஸ் போகிற சத்தம் கேட்டால்தான் மணி நாலாகிவிட்டது என்று தெரியும்.

பிற்பாடு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அதை என் கீழ்ப்படிதலுக்குக் கிடைத்த பரிசு என்று நான் கோயிலில் எழுந்து சாட்சி சொன்னதில்லை. இவள் பரிசென்றால் முதல் பிள்ளை தண்டனை என்றாகிவிடுமே. மகளுக்கு அம்மை போட்டபோது மூன்று ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை. பயம் வரவில்லை, ஏக்கம்தான் வந்தது.

அக்கா இப்போது மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். போனில் பேசுகிறோம், என்றாலும் போனில் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலாகுமா? அந்த மாவுக்கட்டை இன்னும் ஒரு வாரம் கழித்துப் பிரித்திருக்கலாம் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து மருமகள் வந்து என்னவென்று கேட்டாளாம்.