சுபாவின் முடியில் இரண்டு வருஷம்

கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், கடலுக்குப் போவார்கள். நான் போன மாதம் ஒரு தலைமுடி விஷயமாகப் போனேன். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

என் தங்கை சுபா அன்புவழிபுரத்தில் இருக்கிறாள். இப்போது ஏழு மாதம். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த நாளிலிருந்து மீனைக் கையாலும் தொடவில்லை. பெரிய மீன்களில் பாதரசம் இருக்கிறது, அது பிள்ளைக்குக் கூடாது என்று போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டாள். வீடியோ முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அவள் பயம் அங்கே தொடங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளை தங்காமல் போனது. துக்கம் கேட்க வந்த ஒருவர், சுறாவும் சூரையும் கண்டபடி தின்றதால்தான் என்று சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். அந்த வாயை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் என் சிநேகிதிக்கு, மனித உடம்பில் சேர்ந்திருக்கும் நச்சுப் பொருட்களை அளப்பதுதான் தொழில். மீனிலிருந்து வரும் பாதரசம் முடியில் படிந்து அங்கேயே நின்றுவிடுமாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே தலையோடு ஒட்டியிருப்பது போன மாதம், கீழே போகப் போகப் பழைய மாதங்கள். சுபாவைச் சோதிக்க, பென்சில் தடிப்பில் ஒரு கொத்து, தலைத்தோலோடு ஒட்ட வெட்டினால் போதும் என்றாள்.

வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு முடி வெட்டுவதா? சுபா உட்பட வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் அவளே போன் எடுத்தாள். "அக்கா, என்ர முடி இடுப்புக்குக் கீழ வருது. அந்த நேரத்து முடியும் அதில இருக்குந்தானே? அதையும் பார்ப்பினமோ?"

பார்ப்பார்கள் என்றேன். அடுத்த கிழமை முடி தபாலில் வந்தது, வேர்ப்பக்கம் சிவப்பு நூலால் கட்டி. சிநேகிதியிடம் கொடுத்தேன். சோதனை முடிவுக் கடிதத்தைத் தன் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை. அதுதான் இந்தப் பயணம்.

கண்டியில் காலை 5.30 பஸ். 180 கிலோமீட்டர், 700 ரூபாய். இடப்பக்கம் உட்காருங்கள். கடைசியில் கடல் வலப்பக்கம் வரும் என்பது உண்மைதான், ஆனால் வெயிலும் வலப்பக்கமே வரும். தம்புள்ளையில் இருபது நிமிஷம் நிற்கும், தேத்தண்ணி சுமார். கந்தளாய் தாண்டியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. உறையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். என்னை நன்றாகத் தெரிந்த சிநேகிதி உள்ளே தடித்த மட்டை வைத்து ஒட்டியிருந்தாள். கள்ளி!

கப்பல்துறையைக் கடந்து 11.15க்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன். அங்கே உலாவும் மான்களில் ஒன்று என் கையிலிருந்த உறையை முகர்ந்து, கடிக்கப் பார்த்தது. இத்தனை பாடும் ஒரு மானின் வயிற்றுக்குப் போயிருக்கும். உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

நௌபர் கிண்ணியாக்காரர், நான் போகும்போதெல்லாம் அவருடைய ஓட்டோதான். பக்கத்திலேயே மீன்சந்தை. கண்டியில் ஐஸ் மீன் தின்று வாழ்கிறவளுக்கு அதைத் தாண்டிப் போக ஏலுமா? முடிவு தெரியாமலே அரைக் கிலோ சூடையும் ஒரு கிலோ விளைமீனும் வாங்கினேன். பிறகுதான் பயம் பிடித்தது. முடிவு மோசமாக இருந்தால் அந்த வீட்டுக்குள் மீனோடு எப்படிப் போவது? நௌபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீனோடு வாசல் படலையடியில் நில்லுங்கள், முடிவு சரியில்லை என்றால் நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றேன்.

"நல்லதா வரட்டும், அக்கா," என்றார் அவர். "எங்கட வீட்டில இண்டைக்கு இறைச்சிதான்."

சுபா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பரீட்சை முடிவுக்கு இருப்பவள் மாதிரி. அவள் கணவர் ரமணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அரை நாள் லீவு போட்டிருந்தார். உறையைப் பிரித்தேன். காகிதத்தின் மேல் பாதியில் இந்த மாதங்கள், கீழ்ப் பாதியில் பழைய மாதங்கள்; இரண்டிலும் வரிசையாகப் புள்ளிகள், அவற்றுக்கு மேலே சிவப்பாக எல்லைக் கோடு. மேல் பாதியில் எல்லாப் புள்ளியும் கோட்டுக்குக் கீழே. இந்தப் பிள்ளைக்குப் பயமில்லை என்றதும் ரமணன் சுவரில் சாய்ந்துவிட்டார்.

ஆனால் எனக்கொரு சந்தேகம். மாதக்கணக்காக மீன் தொடாதவளின் புள்ளிகள் இன்னும் நன்றாக இறங்கியிருக்க வேண்டுமே? கேட்டேன். சத்தியமாகத் தொடவில்லை என்றாள். என்னதான் சாப்பிடுகிறாய் என்றால், மூன்று நேரமும் சம்பல். சம்பலுக்குள் என்ன போடுகிறாய் என்றால், மாசி.

"மாசி என்ன மரத்திலயோ காய்க்குது?" என்றேன்.

சூரையை அவித்துக் காயவைத்தால்தான் மாசி. மூன்று பேருக்கும் அது தெரியும், ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ரமணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுபாவும் சிரித்தாள், ஆனால் கெதியாக நிறுத்திவிட்டு, "கீழ?" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய அந்த ஐந்து புள்ளிகளில் விரலை வைத்தேன். இப்போதையதை விடக் கூடத்தான், அந்த நேரம் ஆசையாகச் சாப்பிட்டிருக்கிறாள். ஆனால் எல்லைக் கோட்டின் பாதிக்கும் வரவில்லை. பிள்ளை ஏன் தங்கவில்லை என்று இந்தக் காகிதம் சொல்லாது, பாதரசத்தின் மேல் பழி போட மட்டும் இதில் இடமில்லை என்று சிநேகிதி கையால் எழுதியிருந்தாள். சுபா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்ப நான் சாப்பிட்டதால இல்லை."

"நான் எத்தினை தரம் சொன்னனான்," என்றார் ரமணன்.

"நீங்கள் சொன்னது வேற. இது என்ர முடி சொல்லுது."

பிறகு அழுதாள், நானும் அழுதேன். ரமணன் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். வெளியே நௌபர் ஹோர்ன் அடித்தார், ஐஸ் உருகுகிறதாம். சுபா வெறுங்காலோடு படலைக்குப் போய்த் தன் கையாலேயே மீன்பையை வாங்கினாள். பாதிச் சூடையை நௌபர் எவ்வளவு மறுத்தும் அவரோடு அனுப்பினோம்.

போகிறவர்களுக்கு: சந்தையில் பதினொன்றரைக்குப் பிறகு நல்ல மீன் இராது. அன்புவழிபுரத்துக்கு ஓட்டோ 400 ரூபாய், காத்து நின்றால் மேலே கொடுங்கள். முடி சோதிக்க வாய்ப்பிருந்தால் முன்னரே சாயம் பூசாதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் மீனை அடியோடு விட வேண்டியதில்லை, சுறா, தளபத்து போன்ற பெரியவற்றைத் தவிர்த்துச் சின்ன மீன்களைச் சாப்பிடலாம் என்று சுபாவின் கிளினிக் மிட்வைஃப் முதலிலேயே சொல்லியிருக்கிறார். வீடியோவுக்கு முதல் அவரைக் கேளுங்கள்.

நான் புறப்படும் முன் சுபா கத்தரிக்கோலால் அந்தக் காகிதத்தை இரண்டாக வெட்டினாள். மேல் பாதியைப் புதுக் கிளினிக் கார்டுக்குள் வைத்தாள். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தப் பிள்ளையின் பழைய கார்டை எடுத்தாள், அவள் அதை இத்தனை நாள் வைத்திருந்தது ரமணனுக்கும் எனக்கும் தெரியாது. கீழ்ப் பாதியை அதற்குள் வைத்து, இரண்டு கார்டையும் மேல்தட்டில் ஒன்றாக அடுக்கினாள்.

"மிச்சச் சூடையையும் பொரிப்பமோ, அக்கா?" என்றாள்.