கறி கொடுக்கக் கூடாது

எங்கள் நாய்க்குக் காது வலித்தால் என் மாமனாருக்குச் சர்க்கரை ஏறும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இது நிஜம். தினமும் நடக்க வேண்டும் என்று அவருடைய டாக்டர் சொன்னார், என் கணவர் சொன்னார், நான் தொண்டை வறளச் சொன்னேன். மனிதர் அசையவில்லை. நாய் சொன்னதைத்தான் கேட்டார். விடிந்ததும் அது கேட்டைப் பிறாண்டும். இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ரப்பர் தோட்டத்து ஓரமாகச் சுற்றி, டீக்கடையில் ஊர்க்கதை பேசி, வெயில் ஏறுமுன் இரண்டு பேரும் திரும்புவார்கள்.

அந்த நாய்தான் நோயில் விழுந்தது. காது சிவந்து, தொட்டால் சுட்டது, நாற்றம் வேறு. சொறிந்து சொறிந்து கழுத்து முடி கொட்டிவிட்டது. உடம்பு பெருத்துப் பின்னங்கால் பிடித்துக்கொண்டதால் கேட்டுப் பக்கமே போகவில்லை. மாமனாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு பேரையும் ஒன்றாக இழந்துவிடுவோமோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

நான் கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவள். அதனால் மிருக ஆஸ்பத்திரிக்கு நாயைக் கொண்டுபோனது என் கணவர். டாக்டர் கண்ணூர்ப் பக்கத்து மலையாளப் பெண். நான் ரயிலில் நசுங்கிக்கொண்டிருந்தபோது கணவரிடமிருந்து போன் வந்தது.

"காதுக்கு மருந்து உண்டு. ஆனா கறி கொடுக்கப்பிடாதாம். அதாக்கும் முக்கியம்."

நான் மதுரைக்காரி. எங்கள் ஊரில் கறி என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி. அதற்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது. இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியும் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், சாப்பாட்டு மேசையில் தெரியும். டாக்டர், மருந்து என்று வந்தால் என் காது மதுரைக்குப் போய்விடுகிறது. இதில் என் தப்பு எதுவும் இல்லை என்றுதான் இன்றும் வாதாடுகிறேன்.

ஆக, அன்றிலிருந்து நாய்க்கு ஒரு துண்டு இறைச்சிகூட நான் போடவில்லை. வெறும் சோற்றை அது எப்படித் தின்னும், பாவம். தேங்காய் அரைத்த மீன் குழம்பைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்து வைத்தேன். காது ஆறவில்லை. எடையோ ஏறிக்கொண்டே போனது. அதே நாட்களில் மாமனாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார். நடை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அடுக்களைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வேகவைத்த கோழியை எலும்பு நீக்கி நாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. டாக்டர் கறி கூடாது என்று சொன்னது தெரியாதா, இப்படி ஒளித்து ஒளித்துக் கொடுத்தால் அது எப்படிப் பிழைக்கும் என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதுல எங்க மக்கா கறி? இது வெறும் எறச்சியாக்கும்." பிறகு காலையில் நான் வைத்த சோற்றில் மிச்சம் கிடந்த மஞ்சள் குழம்பைக் காட்டினார். "கறி, நீ ஊத்துனதாக்கும்."

இங்கே கறி என்றால் குழம்பு; இறைச்சி இறைச்சிதான். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. நான் தரையில் உட்கார்ந்துதான் சிரித்து முடித்தேன். மருமகளுக்கு நாயைப் பிடிக்கவில்லை, தெரிந்தேதான் குழம்பை ஊற்றுகிறாள், கேட்டால் வீட்டில் சண்டை வரும் என்று மனிதர் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் வேலைக்குப் போன பிறகு, இழந்த சத்தை ஈடுகட்டத் தனியாகக் கோழி வேறு. எங்கள் இருவருக்கும் நடுவில் நாய் மட்டும் இரண்டு பாஷையிலும் வயிறு நிறையத் தின்றிருக்கிறது.

அடுத்த தடவை நானே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதையைக் கேட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு எனக்காகவே மெதுவாகச் சொன்னாள். காது, தோல், மூட்டு மூன்றிலும் இருப்பது அழற்சி. உடம்பில் ஏறிய கொழுப்பு சும்மா கிடக்காது. அந்த அழற்சியை ஊதி ஊதி வளர்க்கும். குழம்பில் இருக்கும் எண்ணெயும் உப்பும் நாய்க்கு ஆகாது. வெங்காயம் அதன் ரத்தத்தையே கெடுக்கும். சோற்றைக் குறை, வேகவைத்த இறைச்சி அளவாகக் கொடு, உப்பில்லாமல் அவித்த சாளை மீன் மூட்டுக்கு நல்லது என்றாள்.

பொழியூரிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் அக்கா, மிளகாயும் உப்பும் இல்லாமல் அவிக்கப் போகிறேன் என்று நான் சொல்வதைக் கேட்டு, வீட்டில் யாருக்குப் பிரசவம் என்று விசாரித்தாள். காதுக்கு மருந்து, வாய்க்குக் கட்டுப்பாடு. மெல்ல மெல்லக் காது ஆறியது. கழுத்தில் புது முடி வந்தது. இடுப்பு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் கண்ணில் பட்டது. தடவிப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

ஒரு காலை, ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கேட்டில் பிறாண்டும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மாமனார் ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் தூணையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாய் அவரை ரோட்டுக்கு இழுக்கிறது. எத்தனையோ வருடமாக அந்த நடைக்கு அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

"மக்கா, நீயும் வாறியா? ஒத்தைக்கு இவனப் பிடிக்க ஒக்காது."

கைப்பையைத் திண்டில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். டீக்கடையில் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் என் ரயில் கூவிக்கொண்டு போனது. இன்னொரு டீ சொன்னேன்.