பொனட் கார்டும் ஹபரணைப் பூச்சிகளும்

என் மனைவி பின்னூட்டத்தில் வந்து போட்டு உடைக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஹபரணைக்குக் கிட்ட ஒரு சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் கையோடு சேர்த்து, பிரேக்கில் இருந்த காலையும் தூக்கிவிட்டேன். எங்களுடையது ஓட்டோமெட்டிக் கார். காலை எடுத்தால் தானாக நகரும். இரண்டு கையும் கூரையில் முட்ட, கோயிலில் கும்பிடப் போகிறவன் மாதிரி நான் இருக்க, கார் துப்பாக்கிகளை நோக்கி ஊர்ந்தது. பக்கத்தில் இருந்த பவானி (அவர்தான் மனைவி) ஹாண்ட்பிரேக்கை இழுத்ததால்தான் இந்தப் பதிவு வருகிறது.

அவ்வளவு கிட்டப் போகும்வரை எனக்குச் சாவடி தெரியாததற்குக் காரணம் பூச்சி. அந்தப் பக்கம் பொழுது சாய்ந்தால் குளத்துப் பூச்சியெல்லாம் லைட்டைத் தேடி வந்து கண்ணாடியில் அடிக்கும். தண்ணீர் பீய்ச்சி வைப்பரைப் போட்டேன். கண்ணாடி முழுக்க மஞ்சளாக ஒரு பூச்சு. ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மணித்தியாலம் விசாரித்துவிட்டு, வந்த வழியே போகச் சொன்னார்கள். திருகோணமலையில் பவானியின் தங்கச்சிக்கு அன்றிரவு பிள்ளை பிறந்தது. நாங்கள் தம்புள்ளையில் ஒரு அறையில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்குக்கு எப்படியும் போய் நிற்க வேண்டும். ஆனால் என் காரில் ஏறுவதில்லை என்று பவானி முடிவெடுத்துவிட்டார். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் சிறீ ஒரு வான் வைத்திருக்கிறான். அவனோடு போகப்போவதாகச் சொன்னார். சிறீயை உங்களுக்குத் தெரியாது. வெள்ளவத்தையில் பாதிப் பேரிடம் என் கையும் காலும் தூக்கிய கதையை நடித்துக் காட்டியவன் அவன்தான். மனைவியை அந்த வானில் ஏற்றிவிட்டு நான் பின்னால் தனியாகக் காரோட்டிப் போவதா? கடைசியில் பவானி இரண்டு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"பூச்சி வராமல் ஏதாவது செய்யுங்கோ. நாப்பதுக்கு மேல ஓடக்கூடாது. ரெண்டில ஒண்டு பிசகினாலும் நான் நடு வழியில இறங்கிச் சிறீக்குப் போன் பண்ணுவன்."

அப்படித்தான் பொனட் கார்ட் தேடிப் புறப்பட்டேன். தெரியாதவர்களுக்கு: பொனட்டின் முன்விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பிளாஸ்டிக் தகடு அது. எதிர்க்காற்றை மேலே தள்ளிவிடும், காற்றோடு பூச்சியும் கண்ணாடிக்கு மேலால் போய்விடும். இதுதான் அதன் தத்துவம்.

வெள்ளவத்தையிலிருந்து, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒன்பது கிலோமீற்றர் இருக்கும். கோட்டைப் பக்கம் பாதைகளை மூடி வைத்திருப்பதால் மருதானையால் போனேன். மூன்று இடத்தில் மறித்து அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, டிக்கி, பொனட் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றேகால் மணித்தியாலம். முதல் கடையில் காட்டியது கன்னங்கரிய தகடு. பார்க்க வடிவுதான், ஆனால் கறுப்பாக எதையாவது பூட்டிக்கொண்டு இந்தச் சண்டைக் காலத்தில் சாவடிக்குப் போக நான் என்ன விசரனா? இரண்டாவது கடைக்காரர் டபிள் கப் பிக்கப்புக்கு உரியதை என் காருக்குச் சரிவரும் என்று சத்தியம் பண்ணினார். வைத்துப் பார்த்தபோது என் கார் தாத்தாவின் மூக்குக் கண்ணாடியைப் போட்ட குழந்தை மாதிரி இருந்தது. மூன்றாவது கடையில் கண்ணாடி போல் தெளிவான தகடு கிடைத்தது, கிளிப் வைத்துப் பூட்டுவது. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஆணி வகையை வாங்காதீர்கள், பொனட்டில் ஓட்டை போட வேண்டும், ஓட்டையில் துரு பிடிக்கும்.

பூட்டுவதற்குக் கொட்டாஞ்சேனை. அங்கே அன்ரனி என்று ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். வாய் நீளம், கையும் நீளம். தகட்டை வெளிச்சத்தில் பிடித்து அந்தப் பக்கத்தால் என்னைப் பார்த்தார்.

"சேர், இது வெளிநாட்டுப் பூச்சிக்குச் செஞ்சது. எங்கட பூச்சிக்கு இதெல்லாம் விளங்காது."

"அப்ப பூட்டமாட்டீங்களா?"

"பூட்டுறன், பூட்டுறன். சேருக்கும் மனசு ஆறோணுமே."

விளிம்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். தகடு உரசும் இடமெல்லாம் ரப்பர் ஒட்டினார். பொனட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு விரல் போகிற இடைவெளி விட்டார், இல்லாவிட்டால் அழுக்குச் சேர்ந்து பெயின்ட் போய்விடுமாம். கிளிப்பை இறுக்கிய பிறகு பொனட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி, அலுக்கும்வரை பார்த்தார். ஏன் என்று கேட்டதற்கு, சேர் திருகோணமலை போகுமுன் இதை எத்தனை தரம் திறக்கச் சொல்வார்கள் என்று திருப்பிக் கேட்டார். முதலில் ஒரு பக்கம் இடித்தது. கழற்றி அரை அங்குலம் தள்ளிப் பூட்டினார். நாற்பது நிமிட வேலை, கூலி ஐந்நூறு. சிறீயிடம் என் கதையைக் கேட்டிருக்கிறாரா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். போகும்போது "காலைப் பிரேக்கிலயே வையுங்க சேர்" என்றார். கேட்டிருக்கிறார்.

சனிக்கிழமை புறப்பட்டோம். விடியவே போகலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கோயில் ஐயர் வந்து வாகனப் பூசை செய்யாமல் நகர்வதில்லை என்றார் பவானி. போன தடவையும் இதே பூசை, இதே ஐயர். நாலு சில்லுக்கும் தேசிக்காய், கற்பூரம், தேங்காய். பொனட் கார்டுக்கும் ஒரு பூமாலை. போன முறை நடந்ததை நினைத்து இந்த முறை பவானி ஐயரிடம் கொஞ்சம் கூடவே வைக்கச் சொன்னார். எனக்கு நேர் முன்னால், கண்ணாடியில் அகலமாகத் திருநீற்றுக் குறியும் நடுவில் ரூபாய்க் குற்றியளவு சந்தனமும். பிறகு ராகுகாலம். அது முடிய பத்தரை.

இருநூற்று அறுபது கிலோமீற்றரை நாற்பதில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? தென்னோலை ஏற்றிய இரண்டு சில்லு லான்ட்மாஸ்டர் ட்ராக்டர் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, ஏதும் உதவி வேண்டுமா என்று சைகையில் கேட்டார். குருநாகலில் சோறு. தம்புள்ளைச் சாவடியில் பொதியெல்லாம் இறக்கிக் காட்டி ஏற்ற ஒன்றரை மணித்தியாலம். பொனட்டை எட்டு இடத்தில் திறந்தேன், அன்ரனி வாழ்க, ஓரிடத்திலும் இடிக்கவில்லை. ஆக, எவ்வளவு திட்டம் போட்டும், ஹபரணையை நெருங்கும்போது மறுபடியும் பொழுது சாய்ந்துவிட்டது.

பூச்சி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், போன தடவையை விடக் குறைவு. நான் பவானியைப் பார்த்தேன். அவர் கைப்பையில் போனைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒன்றே ஒன்று வந்து எனக்கு நேரே அடித்தது. ஒரு பூச்சிக்கு இடம் கொடுப்பேனா? தண்ணீர் பீய்ச்சி வைப்பரைப் போட்டேன்.

கண்ணாடி முழுக்க மஞ்சள்.

இந்த முறை ஓரமாக நிறுத்தினேன். எதிரே சாவடி இருந்தது, அதன் லைட் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கியரை விலக்கி, ஹாண்ட்பிரேக் இழுத்து, உள்லைட்டைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன். காலை அசைக்கவில்லை. பவானி போனை வெளியே எடுத்துவிட்டார்.

மகன் வயதில் ஒரு ஆமிக்காரர் டோர்ச்சோடு வந்தார். பூச்சி, பூச்சி என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தார். விரலை மூக்கில் வைத்து மோந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்கிள், மே சந்துன் நே."

இது சந்தனம். பவானிக்குச் சிங்களம் என்னை விட நன்றாகத் தெரியும். போனைப் பைக்குள் வைத்தார், இறங்கினார், தண்ணீர்ப் போத்தலும் துவாயும் எடுத்துக் கண்ணாடியை மூலை மூலையாகத் துடைத்தார். அந்தப் பொடியன் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பி ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"இனி அம்பதில ஓடுங்கோ. பிள்ளை நித்திரையாகீடும்."

இருபத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் இதைவிடப் பெரிய மன்னிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. இதைச் சிறீக்குச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

போக இருப்பவர்களுக்கு: தெளிவான தகடாக வாங்குங்கள், கிளிப் வகை. பூட்டிய இடத்திலேயே பொனட்டைத் திறந்து மூடிப் பாருங்கள். வாங்கிய ரசீதைக் காரிலேயே வைத்திருங்கள், கேட்பார்கள். வாகனப் பூசை கட்டாயம் என்றால் சந்தனத்தை நம்பர் பிளேட்டுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள், கடவுள் கோபிக்கமாட்டார். சாவடிக்கு முன்னால் உள்லைட்டைப் போட மறவாதீர்கள். பூச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஹபரணையில் அது உண்மையான தொல்லைதான். நல்ல பொனட் கார்ட் ஒன்றுக்குச் செலவழித்த காசு வீண் போகாது என்பதில் எனக்கு இன்னும் உறுதி.

திருகோணமலைக்குள் நுழையும் சாவடியில் அதைக் கழற்றச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் ஆனது. திரும்பி வரும்போது அது டிக்கியில் கிடந்தது. கண்ணாடி வெள்ளவத்தை வரைக்கும் சுத்தமாகவே இருந்தது.