வாங்கில் இருந்தவனின் பெறுமதி

மிட்லண்ட் வீதியில் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சேஃப்டி சப்பாத்து இரண்டையும் கயிற்றால் முடிந்து தோளில் போட்டிருந்தேன். வெயர்ஹவுஸ் பின்னால் அஜின்கோர்ட்டில் இருந்தது. நவம்பர் மாதப் பின்னேரம். மழையா பனியா என்று சொல்லமுடியாத ஏதோ ஒன்று முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பஸ் ஒன்று என்னைக் கடந்து போனது. ஏறியிருக்கலாம். ஆனால் வேலையை விட்டுவிட்டு வருகிற அன்று எனக்கு நடக்கத்தான் பிடிக்கும்.

வேலையை விடுவது எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவன். கோழி வெட்டுகிற இடம், காளான் பண்ணை, உணவகங்களில் கோப்பை கழுவல் என்று இந்த நாட்டிலும் நிறைய விட்டிருக்கிறேன். ஒன்றில் குளிர் தாங்கமுடியாது, ஒன்றில் மணம், ஒன்றில் முதலாளி. ஆனால் நிரந்தரமாக்குகிறோம், இரு என்று சொன்ன ஓரிடத்தை விட்டது அதுதான் முதல் தடவை. அந்த இடம் என்னுடையதல்ல. தாயைத் தேடி ஊருக்குப் போயிருந்த ஓர் அண்ணையுடையது. அவர் அடுத்த கிழமை திரும்பி வருவார். வரும்போது அவருடைய ஃபோர்க்லிஃப்டில் ஆளில்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் எழும்பி வந்தேன்.

அவர் அங்கே பல வருடங்களாக வேலை செய்தவர். உறைந்த சாப்பாட்டுப் பெட்டிகள் ஏற்றிய மரத்தட்டுகளை, நாங்கள் ஸ்கிட் என்போம், ஃபோர்க்லிஃப்டால் தூக்கி லொறிக்குள் கொண்டுபோய் வைப்பது அவர் வேலை. நான் ஏஜென்சி அனுப்புகிற ஆள். யாராவது வராத நாட்களில் என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்த வருடம் மே மாதம் ஊரில் சண்டை முடிந்திருந்தது. அவருடைய தாய் எங்கே என்று தெரியவில்லை. எங்களில் பலருக்கு அப்படி யாரோ ஒருவர் எங்கே என்று தெரியவில்லை. சாப்பாட்டு அறையில் ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்லவேண்டும். அதனால்தான் செப்டம்பரில், டிஸ்பாட்ச் அலுவலகத்தில் இருந்த இங்கே பிறந்த பிள்ளை பான்டசி புட்போல் லீக் ஒன்று தொடங்கியபோது, புட்போல் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்தார்கள். கதைப்பதற்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

விளையாட்டு இதுதான். அமெரிக்க புட்போலில் உண்மையாக ஆடுகிறவர்களைப் பிரித்தெடுத்து ஆளுக்கொரு அணி வைத்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் செய்வதற்கு எங்களுக்குக் கொம்பியூட்டரில் புள்ளி வரும். அதிகப் புள்ளி பெரும்பாலும் குவாட்டர்பேக்கால்தான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் அவன். நான் முன்பு மதுக்கடை ஒன்றின் குசினியில் நின்றவன். அங்கே டிவியில் எந்த நேரமும் புட்போல்தான் ஓடும். பாடம் ஏறாத தலையில் அது ஏறிவிட்டது.

ஆட்களைத் தெரிந்தெடுத்த அன்று அண்ணை ஒரு பிழை விட்டார். நல்ல குவாட்டர்பேக் ஒருவனை எடுத்தார். அடுத்த முறை வந்ததும், அதே அணியில் அவனுக்குப் பதிலாக வாங்கில் இருக்கிறவனையும் எடுத்தார். வாங்கு என்றால் எங்கள் ஊரில் பெஞ்ச்.

"அங்கிள், அவன் விளையாடவே மாட்டான்!" என்று அந்தப் பிள்ளை கத்தினாள்.

"இவனுக்கு அடிபட்டா அவன் ஓடுவானெல்லோ? ரன்னர்."

"வட் ரன்னர்?"

"கிரிக்கெட் பாக்கிறேல்லையே பிள்ளை? காயப்பட்டவனுக்கு மற்றவன் ஓடுவான். ஓட்டம் காயப்பட்டவன்ர கணக்கில ஏறும்."

"ஓ மை கோட். இங்க அப்பிடி இல்லை அங்கிள். ஆர் விளையாடுறானோ அவனுக்குத்தான் பொயின்ற்ஸ்."

"அதென்ன ஞாயம்?"

"உது அமெரிக்கன் ஞாயம்" என்றார் சுப்பவைசர். அவரும் எங்கள் ஆள்தான், லீக்கிலும் இருந்தார். எல்லோரும் சிரித்தோம். மே மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் அப்படிச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். வாங்கில் இருந்தவனை விட்டுவிட்டு உருப்படியாக யாரையாவது எடுங்கள் என்று நான் சொன்னேன். அண்ணை கேட்கவில்லை. "கிடக்கட்டும், பாவம்" என்றார்.

ஒக்டோபரில் தாயை வவுனியா முகாம் ஒன்றில் யாரோ கண்டதாகத் தகவல் வந்தது. அண்ணை லீவு கேட்டார். "போயிட்டு வாரும், இடம் இருக்கும்" என்றார் சுப்பவைசர். வாய்ப்பேச்சுத்தான். தாயை வெளியே எடுத்து, பிறகு இங்கே ஸ்பொன்சர் செய்து கூப்பிடுவது அவருடைய திட்டம். அதற்கு நிரந்தர வேலை காட்டவேண்டும். அந்த ஃபோர்க்லிஃப்ட் போனால் ஸ்பொன்சரும் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

போகமுதல் என்னை லொறிகள் நிற்கிற பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நான் வருமட்டும் நீ என்ர இடத்தில நில். வேற ஆரும் வந்தா பிறகு இடத்தை விடமாட்டாங்கள்."

"நிக்கிறன் அண்ணை."

"டீமையும் நீதான் பாக்கோணும். நீ எனக்கு ரன்னர். ஓடுறது நீ, கணக்கு என்ர."

"அந்தப் பிள்ளை சொன்னதை மறந்திட்டியள்."

"அவளுக்கு என்ன தெரியும், பனிக்குள்ள பிறந்தவள்" என்று சொல்லிவிட்டு என் முதுகில் ஒன்று போட்டார்.

அவர் போன கிழமையே அவருடைய நல்ல குவாட்டர்பேக்குக்குத் தோள் விலகியது. இனி வாங்கில் இருந்தவனை இறக்கலாமா என்று நான்தான் பார்க்கவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஒருவனை மதிப்பிடுவதற்குச் சில கணக்குகள் உண்டு. அவனுக்கு முன்னால் நின்று மறிக்கிறவர்கள் பலமா, அவன் எறிவதைப் பிடிக்கிறவர்கள் யார், அடுத்து வருகிற எதிரணிகள் எப்படி, கோச் அவனை நம்பி எறிய விடுவாரா. இவையெல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சும். முதல் ஆள் எப்போது திரும்பி வருவான்? வாங்கில் இருந்தவனின் பெறுமதியில் பாதி அவனிடம் இல்லை, மற்றவனின் தோளில் இருக்கிறது.

நான் அவனை ஒரு கோப்பிக் கடை டிவியில் பார்த்தேன். அழகான ஆட்டம் இல்லை. முதல் ஆளைப் பார்ப்பான், இரண்டாவது ஆளைப் பார்ப்பான், இல்லையென்றால் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிடுவான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பதில்லை. பல வருடம் குந்தியிருந்து மற்றவன் விடுகிற பிழைகளைப் பார்த்தவனின் ஆட்டம் அது. பெரிதாக ஒன்றும் செய்யான், ஆனால் புள்ளி வரும் என்று நினைத்தேன். வந்தது. கடைசியிலிருந்த அண்ணையின் அணி மேலே ஏறியது.

ஃபோர்க்லிஃப்டிலும் நான் அப்படித்தான் ஓடினேன். எனக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது, அதனால் வேகம். லொறிகள் நேரத்துக்கு முன்னாலேயே வெளிக்கிட்டன. சுப்பவைசர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை.

நவம்பரில் சுப்பவைசரின் குவாட்டர்பேக்குக்குக் கால் முறிந்தது. சாப்பாட்டு நேரத்தில் பிட்டுப் பெட்டியோடு என் முன்னால் வந்து இருந்தார்.

"உந்த வாங்குக்காரனுக்கு என்ன வேணும், சொல்லும்."

"அவனைத் தரேலாது."

"ஏன், பழையவன் வரப்போறானாமே? தோள் சுகமாம்."

"வந்தா? வெல்லுற நேரத்தில ஆர் ஆளை மாத்துவினம்? பழையவன் வந்து வாங்கில இருக்கட்டும். நீங்கள் கோச் எண்டா மாத்துவியளே?"

அவர் பிட்டை மென்றுகொண்டு யோசித்தார். "மாத்தமாட்டன்" என்றார்.

"அங்கிள், கவனம். அண்ணா உங்களுக்கு அவனை விக்கப் பாக்கிறார்" என்று டிஸ்பாட்ச் பிள்ளை மற்ற மேசையிலிருந்து சொன்னாள்.

"நீ சும்மா இரு பிள்ளை. அவர் சொல்லுறதில லொஜிக் இருக்கு."

நான் சொன்னதை நானே நம்பவில்லை. அந்தக் கோச்சுக்குப் பழையவன் மேல் எவ்வளவு பிடிப்பு என்பது எனக்குத் தெரியும். பழையவன் இறங்கிய அன்றே என் கையிலிருந்தவன் செல்லாக்காசு. அதற்கு முன்னால் விற்கவேண்டும். சந்தையில் நிற்கிறவன் மீன் முந்தநாள் பிடித்தது என்று சொல்வானா? வாங்குக்காரனைக் கொடுத்து, சுப்பவைசரிடமிருந்த, பந்து பிடிப்பதில் கெட்டிக்காரன் ஒருவனை வாங்கிவிட்டேன். அண்ணை வந்து பார்த்தால் துள்ளுவார் என்று சந்தோசமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கோச் பழையவனை இறக்கினார். சுப்பவைசர் வாங்கியவன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நின்றான். திங்கட்கிழமை சுப்பவைசர் என்னை அறைக்குக் கூப்பிட்டபோது ஏசப்போகிறார் என்றுதான் போனேன்.

"இரும்" என்றார். "உம்மை பேர்மனன்ட் ஆக்கப்போறன்."

"எந்த இடத்துக்கு?"

"இப்ப நிக்கிற இடத்துக்குத்தான்."

"அது அவற்ர இடமெல்லோ? அடுத்த கிழமை வாறார்."

"வரட்டும். ஏஜென்சியில பதியட்டும், தேவையெண்டா கூப்பிடுவம். நீர்தானே சொன்னனீர், வெல்லுற நேரத்தில ஆர் ஆளை மாத்துவினம் எண்டு?"

"அது விளையாட்டுக் கதை. அந்தக் கோச்சே மாத்திப்போட்டாரே."

"அவன் ஒரு மொக்கன். நான் அந்தப் பிழையை விடமாட்டன்."

அவர் நக்கலடிக்கவில்லை. என்னைப் பாராட்டுகிறோம் என்றுதான் நினைத்தார். அண்ணை இந்த வேலையைக் காட்டித்தான் தாயைக் கூப்பிடப்போகிறார் என்று சொன்னேன். தெரியும் என்றார். கவலைதான் என்றார். மேலிடத்துக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். நான் ஃபோர்க்லிஃப்ட் திறப்பைச் சாவி வளையத்திலிருந்து கழற்றி அவருடைய மேசையில் வைத்தேன். நாளைக்கு வரமாட்டேன் என்றேன். அவர் திறப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இப்படித்தான் மிட்லண்ட் வீதியில் நடந்துகொண்டிருந்தேன். ஆளில்லாமல் தவித்தால் அண்ணையைத் திருப்பி எடுப்பார்கள் என்பது என் கணக்கு. எல்ஸ்மியர் சந்தியில் சிக்னல் வெளிச்சம் மாறக் காத்துநின்றபோது போன் அடித்தது. டிஸ்பாட்ச் பிள்ளை.

"அண்ணா, வேர் ஆர் யூ? சுப்பவைசர் அங்கிள் ஏஜென்சிக்குக் கோல் பண்ணிட்டார். நாளைக்கு வேற ஆள் வருதாம். ஓகே எண்டா அந்த ஆளையே பேர்மனன்ட் ஆக்கினமாம்."

"அவ்வளவு கெதியாவோ?"

"நீங்கள் கேற்றைத் தாண்டமுதலே எடுத்துட்டார். சீரியஸ்லி அண்ணா, ஏன் போனீங்கள்?"

வெளிச்சம் மாறியது. பிறகு கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடந்தேன்.

டோர்செட் பார்க்கில் நான் இருந்த அறைக்கு வந்து, ஈரச் சப்பாத்தை ஹீற்றருக்குக் கிட்ட வைத்துவிட்டுப் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணை போன் எடுத்தார். அங்கே விடிகிற நேரம். பின்னால் சேவல் ஒன்று கூவியது.

"தம்பி, அம்மாவை எடுத்திட்டன். இஞ்ச பக்கத்திலதான் இருக்கிறா. அரைவாசியாப் போனா, ஆனா வாய் குறையேல்லை. நான் மெலிஞ்சு போனனாம், எனக்குச் சாப்பாடு ஊட்டுறா."

நல்லது அண்ணை என்றேன்.

"டீம் எப்பிடி?"

நல்ல ஒருவனை வாங்கியிருக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு போனை வைத்திருக்கலாம். ஆனால் அவர் ஏதோ ஒரு கடதாசி பற்றிக் கேட்டார். ஸ்பொன்சருக்கு வேலையிடத்துக் கடிதம் வேண்டும், சுப்பவைசரிடம் சொல்லி எடுத்து வைப்பாயா என்று. அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். நான் விட்டுவிட்டு வந்ததையும் சொன்னேன்.

"நீ ஏனடா விட்டனி?"

"உங்கட இடம் அண்ணை. நான் எப்பிடி அதில இருக்கிறது?"

"எனக்காகவெண்டா நீ இருந்திருக்கோணும். நீ இருந்தா நான் வந்து உன்னோட கதைப்பன். ரெண்டு பேரும் மாறி மாறியெண்டாலும் நிண்டிருப்பம். அவனிட்டையும் சேர்ந்து போய்க் கேட்டிருப்பம். இப்ப ஆரெண்டே தெரியாத ஒருத்தன் இருக்கப்போறான். அவனிட்டை நான் என்னத்தைக் கேக்கிறது?"

அது எனக்குத் தோன்றவேயில்லை. வருமட்டும் நில், வேறு ஆரும் வந்தால் இடத்தை விடமாட்டார்கள் என்று அவர் சொன்னதை நான் நல்ல மனம் என்று நினைத்து மீறியிருந்தேன். எழும்பிப் போவது எனக்குச் சுகமாக வருகிற காரியம். அன்றைக்கு அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

"அண்ணை, நாளைக்கு நான் திரும்பிப் போய்க் கேட்டுப்பாக்கட்டோ?"

"வேண்டாம். திறப்பை மேசையில வைச்சவனை ஆரும் எடுக்கமாட்டினம்." கோபமில்லாமல்தான் சொன்னார். பின்னால் ஒரு கிழவியின் குரல் ஏதோ கேட்டது. "ஒண்டுமில்லையணை, வேலை விசயம்" என்று அவளுக்குச் சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டார்.

மற்ற நாள் காலையில் ஏஜென்சிக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் எனக்குப் பழக்கம். பேக்கரி ஒன்றில் ஒருவருக்கு முதுகு பிடித்துவிட்டது, உடனே ஆள் வேண்டும், நல்ல சம்பளம் என்றாள். வேண்டாம் என்றேன். ஒருவருக்கும் பதிலாக நிற்காத வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். கொம்பியூட்டரில் தேடிவிட்டு, ஒஷாவாவில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் கிறிஸ்மஸ் மரம் இறக்கி விற்கிற வேலை இருக்கிறது என்றாள். இந்த வருடம்தான் தொடங்குகிறார்களாம். சம்பளம் குறைவு, வெளியே குளிரில் நிற்கவேண்டும், நத்தாரோடு முடிந்துவிடும்.

ஏஜென்சி அனுப்பிய வான் வண்டியில் நாங்கள் சிலர் போய் இறங்கினோம். மரங்கள் வலையால் இறுக்கிச் சுற்றப்பட்டு லொறி நிறைய வந்திருந்தன. முதலாளி ஒரு சோடி கையுறையை எறிந்தார். ஒருவரும் முன்பு போடாத, மரத்துப் பிசின் ஒட்டாத புதுக் கையுறை.