பிளாக்கிக்கு எள் கொடுத்தது யார்

காலைத் தூக்கிய எங்கள் நாய் பிளாக்கி தூக்கியபடியே நின்றான். வாசலுக்கு எதிரே உள்ள மின்கம்பத்தடியில் நெடுநேரம் நின்று, நாலு சொட்டு விட்டுவிட்டு நகர்ந்தான். அடுத்த செடியிலும் அப்படியே. மூன்றாவது இடம் சிமெண்டுத் தரை என்பதால் நிறம் தெரிந்தது. ரத்தம்.

யாரோ அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாப்பிரெட்டிப்பட்டி–மொரப்பூர் தடத்தில் முப்பது வருடம் பேருந்து நடத்துனராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுவேன். எது நடந்தாலும் அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பான் என்று நம்புகிற புத்தி. தெருவில் யாருக்கெல்லாம் பிளாக்கியைப் பிடிக்காது என்று மனதுக்குள் பட்டியல் போட்டபடியே அவனைத் தர்மபுரிக்குக் கொண்டுபோனேன்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்த உடனே சொன்னார். “சிறுநீர்ப்பையில கல்லுங்க ஐயா. ஒண்ணு இறங்கி வழியில மாட்டியிருக்குது. இன்னைக்கே ஆபரேசன் பண்ணணும். விட்டா பை கிழிஞ்சிரும்.”

அவரையும் சந்தேகப்பட்டேன். ஒரு நாய்க்கு இவ்வளவு அவசரமா? மறைக்காமல் சொல்கிறேன், ஸ்கேனை இரண்டு முறை காட்டச் சொன்னேன். என் மனைவி செல்வி கையைப் பிடித்து இழுத்து, “கையெழுத்தப் போடுங்க மொதல்ல” என்றாள். அதன் பிறகுதான் போட்டேன்.

மாலையில் கல்லைச் சிறிய பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். கொத்துமல்லி விதை அளவில் பதினொன்று. ஆய்வகத்துக்கு அனுப்பியதில் கால்சியம் ஆக்சலேட் (சுண்ணாம்புச் சத்தும் ஒருவகை உப்பும் சிறுநீரில் சேர்ந்து இறுகும் கல்) என்று வந்தது. இந்த வகையைக் கரைக்க மருந்து இல்லை. வராமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கேழ்வரகு, கீரை, பீட்ரூட், நிலக்கடலை, எள் எதுவும் கூடாது. எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பாதி நாள் களியும் கீரைக் கடைசலும்தான். ஆறு வருடமாக அவனும் அதைத்தான் தின்றான்.

“எங்க ஊர்ல களி திங்காத நாயே இல்லீங்க டாக்டர்” என்றேன்.

“எல்லா நாய்க்கும் வராதுங்க ஐயா. சில உடம்புக்கு வருது. இவனுக்கு வந்திருச்சு, இனிமே நாமதான் பாத்துக்கணும்.”

இதே தொல்லையோடு போராடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் நாயின் சாப்பாட்டை அப்படியே உங்கள் நாய்க்கு வைத்துவிடாதீர்கள். கல்லுக்குக் கல் சாப்பாடு மாறும். எடுத்த கல்லைச் சோதித்துவிட்டு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். பிளாக்கிக்குச் சொன்னது இதுதான்: குழைந்த அரிசிச் சோறு, எலும்பில்லாத கோழி, தோல் சீவிய சுரைக்காய், உப்பு கிடையாது. எல்லாவற்றிலும் வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. மூன்று இடத்தில் கிண்ணம் வைத்தேன். முதல் வாரம் அவன் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான். பிறகு பசி ஜெயித்தது.

மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேன். பையின் அடியில் மணல் மாதிரி மறுபடி படிந்திருந்தது.

“வூட்ல வேற யாராச்சும் ஏதாச்சும் கொடுக்கறாங்களா?” என்று மருத்துவர் கேட்டார்.

என் கண்ணுக்குத் தப்பியா? அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. இன்னொரு முறை வயிற்றைக் கிழித்தால் பிளாக்கி தாங்குவானா என்ற பயமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து வீடு எனக்குச் செக்கிங் வண்டி ஆகிவிட்டது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டுக் கேன் தண்ணீருக்கு மாறினேன். பால்காரரைச் சந்தேகப்பட்டேன். செல்வி களி கிண்டும்போது அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். “நாய்க்குக் காவலா, எனக்குக் காவலா?” என்று கேட்டாள். கடைசியில், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவன் மலத்தைக் குச்சியால் கிளறிப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் செரிக்காத எள் கிடந்தது.

செல்வியிடம் கேட்டேன். “எள்ளு வாங்கியே எத்தனையோ மாசமாச்சுங்க” என்றாள். டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். உண்மைதான்.

பக்கத்து வீட்டுச் சரோஜா எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் பிடித்துக் கடைகளுக்குப் போடுகிறவள். வேறு சாட்சி எதற்கு? அவள் வாசலில் நின்று, நாலு பேர் கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டேன்.

சரோஜா முறத்தைக் கீழே வைத்தாள். “நான் உங்க நாய்க்கு ஒண்ணும் போடலீங்கண்ணா” என்றாள். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்து, எனக்குப் பின்னால் வந்து நின்ற செல்வியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வையையே நான் குற்றம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை கடைக்குக் கிளம்பியவன், பை எடுக்க மறந்து பாதியில் திரும்பினேன். கொல்லைப்புறத்தில் செல்வி குளித்த ஈரத் தலையோடு பிளாக்கியின் முன்னால் குந்தியிருந்தாள். உள்ளங்கையில் ஓர் எள்ளுருண்டை. அவன் நக்கித் தின்று முடித்ததும் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கத்தத்தான் வாய் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துப் பதறவில்லை.

“தாள்ல எள்ளு கூடாதுன்னு எழுதியிருந்தது தெரியுமா, தெரியாதா?”

“தெரியுங்க. படிச்சேன்.”

போன வருடம் எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் (ரத்தக் குழாய் அடைபடாமல் உள்ளே வைக்கும் சிறு குழல்) வைத்தார்கள். அப்போதுதான் ஜாதகம் பார்க்கப் போயிருக்கிறாள். எனக்கு அட்டமத்துச் சனி, கறுப்பு நாய்க்குச் சனிக்கிழமை தோறும் எள் கொடு, அது பைரவர் வாகனம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலேயே கறுப்பு நாய் இருந்தது. உருண்டையைச் சரோஜாவிடம் வாங்கியிருக்கிறாள். என்னிடம் வசவு வாங்கியும் சரோஜா அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“அவனுக்கு மறுபடி கல்லு வருதே, செல்வி.”

“வருது. நானும்தான அழுவுறேன். நிறுத்திட்டு உங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? ரெண்டுல ஒண்ணுன்னா நான் யாரைங்க பாக்கறது?”

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பிளாக்கி எங்கள் இருவர் கையையும் மோந்து பார்த்தான். எனக்காக ஒருத்தி இவ்வளவு பயந்திருக்கிறாள் என்பதும், அந்தப் பயத்தை இவன் வயிற்றில் சுமந்திருக்கிறான் என்பதும் ஒரே நேரத்தில் புரிந்தது.

எள்தான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் நிறுத்துங்கள் என்றார். செல்வி நிறுத்திவிட்டாள். சனிக்கிழமைகளில் காக்கைக்கு எள் சாதம் வைக்கிறாள். சரோஜாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லீங்கண்ணா” என்றாள். ஆனால் பழைய பேச்சு இன்னும் திரும்பவில்லை.

போன ஸ்கேனில் மணல் கூடவில்லை. குறையவுமில்லை. எங்கள் வீட்டில் இப்போது நேரம் ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான். பிளாக்கி காலைத் தூக்கினால் நான் நொடிகளை எண்ணுகிறேன். நான் மாடிப்படி ஏறினால் கீழே செல்வி எண்ணுகிறாள்.

சில நாள் இடது தோளுக்குக் கீழே லேசாகப் பிடிக்கிறது. வாய்வா, வேறா தெரியவில்லை. இதய டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். செல்வியிடம் மட்டும் சொல்வதில்லை. கடைக்குப் போய் வருவதாகச் சொல்லிக் கிளம்பும்போது அவள் என் முகத்தையே பார்க்கிறாள். டிக்கெட் எடுக்காத ஆளைப் போல நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.