அக்கா படித்த படிப்பும் நாங்கள் கட்டிய மணியும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இறந்த அன்று, அவர் வாழ்ந்த வண்டியூரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில், அக்காவின் படத்துக்குக் கீழே "டீச்சர்" என்று போட்டிருந்தார்கள். அக்கா டீச்சர் இல்லை. போஸ்டர் அடிக்கப் போகிறவர்கள் வந்து கேட்டபோது, கூடியிருந்த உறவினர்களில் ஒருவருக்கும் அக்கா என்ன வேலை பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அத்தனை பேர் நடுவில் பேசக் கூச்சப்பட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் மேல் எனக்கே அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அக்காவின் நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பிறந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். எனக்குப் படிப்பு ஏறவில்லை. அக்கா தினமும் பஸ் பிடித்து மதுரைக்குப் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, கல்லூரியில் மனையியல் சேர்ந்தார். அதோடு நிற்காமல், குழந்தை வளர்ச்சியும் குடும்ப நலமும் என்று பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படிக்கப்போவதாகச் சொன்னார். தாய்மாமா வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார்.

"பிள்ளை வளக்குறதுக்கு எதுக்குத்தா காலேஜு? எங்க ஆத்தா எந்தக் காலேஜுல படிச்சு எங்கள வளத்துச்சு?"

"அதான் மாமா, நீங்க இப்படி வந்து நிக்கிறீங்க."

அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மாமா ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அந்தப் படிப்பு என்ன என்று அக்கா எனக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். குழந்தைக்கு எந்த மாதத்தில் தலை நிற்க வேண்டும், எப்போது சத்தம் வரும் பக்கம் திரும்ப வேண்டும், வீட்டில் பெரியவர்கள் சண்டை போட்டால் பிள்ளை மனது என்ன ஆகும், எல்லாமே அதில் உண்டு. கூடப் படித்தவர்களில் ஒருவர் அங்கன்வாடிகளுக்கு மேற்பார்வையாளர் ஆனார். இன்னொருவர் தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில், பிரிந்த தாய் தகப்பனுக்கு இடையில் தவிக்கும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிறார். அக்கா ஊர் ஊராகப் போய், வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளைக் கண்டுபிடித்து, வீட்டாருக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பையில் கிலுகிலுப்பை, மரக்கட்டைகள், சிவப்பு நூல் பந்து இருக்கும். கல்யாண வீடுகளில் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, பொம்மை யாவாரம் எப்படி ஓடுது?" என்று கேட்பார்கள். "உங்களுக்கு ஒரு கிலுகிலுப்பை தரவாண்ணே?" என்பார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் வயிறு எரியும்.

என் மகளுக்கு இரண்டு வயது ஆகியும் பேச்சு வரவில்லை. அக்கா வந்து, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டினார். கை தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பிள்ளை காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிருவோம்டா. திங்கக்கெழமை நானே கூட்டிட்டுப் போறேன்."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாருக்க பிள்ளைய செவிடுங்குறியா? பெத்துப் பாத்திருந்தால்ல உனக்குத் தெரியும்."

அக்காவுக்குக் குழந்தை இல்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அம்மாவும் இப்போது இல்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெற்ற தகப்பன் நான் அங்கேயேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வீணாய்ப் போனது. நாக்கில் வசம்பு தேய்த்தோம். பேச்சு வர வேண்டும் என்று குலசாமி கோயிலுக்கு வெண்கல மணி வாங்கிக் கட்ட நேர்ந்துகொண்டோம். வேன் பிடித்து எல்லோரும் போனோம், அக்காவும் வந்தார். பூசாரி மணியைக் கட்டி ஓங்கி அடித்தார். சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்தின. என் இடுப்பில் இருந்த மகள், மணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் சட்டைப் பொத்தானைத் திருகி விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்று முறை அடித்தும் திரும்பவில்லை.

எதிரே நின்ற அக்காவிடம் போனேன்.

"அக்கா, திங்கக்கெழமை கூட்டிட்டுப் போவோம்" என்றேன்.

"திங்கக்கெழமை எதுக்குடா? நாளைக்கே போவோம்."

டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "முன்னாடியே வந்திருக்கலாமே?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று அக்கா அன்றும் சொல்லவில்லை, சாகும் வரையும் சொல்லவில்லை. காதுக்கு மெஷின் வைத்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, கண்ணாடி முன்னால் உட்கார வைத்துப் பேசப் பழக்கினார். ஐந்து வயதில் அவள் சொன்ன முதல் சொல் "அத்தை". ஈரல் நோயில் படுத்திருந்த கடைசி நாட்களிலும் அவளைப் பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த வண்டியூர்த் தெருவினருக்கும், உடன் வேலை பார்த்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரின் முதல் பக்கத்தில் அக்காவின் படிப்பையும் வேலையையும் சரியாகப் போடச் சொல்லி, அச்சகத்துக்கு நானே போய் நின்றேன்.

இன்னும் ஒன்று. போன மாதம் ஒரு காதுகுத்து விழாவில் எனக்கு மாமா முறையாகும் உறவுக்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பேரனுக்கு இரண்டரை வயது, பேச்சு இல்லை. "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும். இருந்தாலும் நேந்துக்கிருவோம். அந்த மணி எந்தக் கடையில வாங்குனீங்க மாப்ள?" என்று கேட்டார். அக்கா இத்தனை வருடம் தொண்டை வறளச் சொல்லியும், கேட்டது கடையைத்தான். என் லட்சணம் அதைவிட மோசம். கூச்சத்தில் கடைக்கு வழி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் பெயரை எழுதவில்லை. நினைவு நாளான இன்று இந்த மலர் அவர் கைக்கும் வரும். மாமா, சாமிக்கு நேர்ந்ததை அப்புறம் செய்துகொள்ளலாம். அக்கா வைத்திருந்த கிலுகிலுப்பை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. நாளைக்குக் காலையில் அதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வாரேன். பேரனைக் குளிப்பாட்டி வையுங்கள். டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.