புள்ளி இல்லாத மான்

என் கைப்பையில் ஒரு படம் இருக்கிறது. அண்ணன் ஒரு மானின் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். நீல நிற அரைக்கைச் சட்டை. பின்னால் பச்சைப்பசேலென்று மரங்கள். மானின் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், கோலம் போடப் புள்ளி வைத்துவிட்டுப் பாதியில் எழுந்து போன மாதிரி. படத்தின் பின்பக்கம், ‘மியாஜிமா தீவு. மான்கள் சொந்தக்காரர்கள் மாதிரி வந்து ஒட்டிக்கொள்கின்றன’ என்று அவன் கையெழுத்து. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதத்தில், என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, திண்டிவனம் வீட்டுக்குத் தபாலில் வந்த படம் அது. இப்போது அதற்கு ஒரு மூலை இல்லை. போன மாதம் ஒரு மான் அதைக் கடித்துத் தின்றுவிட்டது.

அண்ணன் அப்போது ஜப்பானில், ஹிரோஷிமாவில், ஓர் இந்திய ஓட்டலில் சமையல்காரனாக இருந்தான். எனக்கு விழுப்புரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நகை நட்டைப் பற்றிக்கூட அப்புறம்தான் பேசினார்கள். முதலில் கேட்டது வீட்டில் யாருக்காவது சீக்கு உண்டா என்றுதான். அனந்தபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பூ வைத்த பிறகு, பெண்ணின் சித்தப்பாவுக்கு டி.பி. என்று தெரிந்து அதை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அம்மாவுக்கு இதில் பெருமை தாங்கவில்லை. சீக்கு என்றால் சம்பந்தம் நின்றுவிடுமாம், நம் வீட்டில் அந்தக் கவலையே இல்லை என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.

புரட்டாசியிலிருந்து மாதம் ஒரு படம் வரத் தொடங்கியது. முதலில் அகழிக்கு நடுவே ஒரு கோட்டை. ஐப்பசியில், தோட்டத்துக் குளத்தின் மேல் வளைந்து நிற்கும் கல் பாலம். கார்த்திகையில், அணுகுண்டு விழுந்தும் சாயாமல் எலும்புக்கூடாக நிற்கும் கட்டடம். கல்யாண வீட்டில் இதெல்லாம் கண்ணில் படக்கூடாது என்று அம்மா அந்தப் படத்தை மட்டும் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் செருகினாள். மார்கழியில், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சிவப்பு வாசல். ஒவ்வொன்றிலும் அண்ணன் வேறு வேறு சட்டையில் சிரித்துக்கொண்டு நின்றான். நிச்சயத்துக்கு வந்த என் மாமியார் ஆல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “புள்ள ராஜா மாரி கீறான்” என்றார். பாதிக் கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தான். சரி, போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மான் வந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. தீ வளர்த்துப் பொரி போடும்போது பெண்ணின் கையில் பொரியை அள்ளி வைப்பவன் கூடப் பிறந்தவன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவன் இடத்தில் பெரியப்பா மகன் வந்து நின்று, வீடியோக்காரரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே பாதிப் பொரியைக் கீழே சிந்தினான். அங்கே இவன் மானோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துத்தான் அன்றைக்கு அழுதேன். பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். மாசியில் வந்த ஆறாவது படத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த ஆடியில் அவன் திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. “ஊரெல்லாம் சுத்திக்கினு இருந்தா இளைக்காம இன்னா பண்ணும்?” என்றேன். சிரித்தான். நான் அதோடு விடவில்லை. எனக்கு நாக்கு நீளம் என்று அம்மாவே சொல்வாள். பிள்ளைகள் பேசப் பழகியதும் அவனை ‘மான் மாமா’ என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தேன். என் மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் அவன் இருக்கும்போதே, பெரியப்பா மகனின் மடியில் பிள்ளையை உட்கார வைத்தேன். பந்தல் முழுக்கப் பார்த்தது. அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டுப் போனான். அம்மா சாகிறவரை என்னிடம் அதைச் சொல்லிக் குறைப்பட்டாள்.

விதியைப் பாருங்கள், அந்த மகளுக்குக் கல்யாணமாகி அவள் போய்ச் சேர்ந்த ஊரும் ஹிரோஷிமாதான். மருமகனுக்கு அங்கே வேலை. பிரசவம் பார்க்க மார்கழியில் கிளம்பினேன். பெட்டியில் பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு எல்லாம் வைத்தேன். அம்மாவின் ஆல்பத்திலிருந்து அந்தப் படங்களையும் உருவி வைத்தேன். அண்ணன் நின்ற இடங்களில் நானும் நின்று படம் எடுத்து, ‘நானும் ஊர் சுத்துறேன், பாத்துக்கோ’ என்று அவனுக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்டம்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் கோட்டைக்குக் கூட்டிப்போனார். நாலு அடுக்குத் துணி போட்டும் பல் கிட்டியது. அகழிக் கரையில் மரங்களெல்லாம் விளக்குமாற்றைத் தலைகீழாகக் குத்தி வைத்த மாதிரி மொட்டையாக நின்றன. படத்தில் அதே மரங்கள் நிழல் கவிந்து நின்றன. எனக்கு உறைக்கவில்லை. மரம் பட்டுப்போவதும் கழிப்பதும் நம் ஊரில் இல்லாததா என்று நினைத்துக்கொண்டேன். தைக்கும் ஆவணிக்கும் மரத்தில் வித்தியாசம் பார்க்கத் தெரியாத ஊர் எங்களுடையது.

அடுத்த ஞாயிறு மியாஜிமா தீவுக்குப் படகில் போனோம். சிவப்பு வாசல் கடலுக்குள் அப்படியே நின்றது. மான்களும் வந்தன. எல்லாம் சாம்பல் பூசிய பழுப்பு நிறத்தில், அடர்ந்த மயிரோடு, முதுகில் ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தன. படத்தை எடுத்து மருமகனிடம் நீட்டி, “இந்தப் புள்ளி மானெல்லாம் எங்க தம்பி இருக்குது?” என்று கேட்டேன்.

“இதுங்கதான் அத்தை. வெயில் காலத்துலதான் புள்ளி வரும். குளிர்ல போயிடும். இந்தப் படம் ஜூலை, ஆகஸ்ட்ல எடுத்திருப்பாங்க.”

“இது தை மாசம் வந்த படம்.”

“தையில இந்த ஊர்ல அரைக்கைச் சட்டை போட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் அத்தை.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அங்கேயே கல் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். பையிலிருந்த மற்றப் படங்களையும் எடுத்து மடியில் பரப்பினேன். எல்லாவற்றிலும் பச்சை மரம். எல்லாவற்றிலும் நெற்றியில் வியர்வை. சட்டைதான் வேறு வேறு; பேண்ட் ஒன்றே, செருப்பு ஒன்றே. ஒரே நாள். இருபத்தேழு வருஷம் ஆல்பத்தில் இருந்தது, ஊரே பார்த்தது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு மான் வந்து மடியிலிருந்த படத்தின் மூலையைக் கடித்து இழுத்தது. விரட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். திண்டிவனத்தில் அப்போது காலை பத்து மணி. சாயங்காலம் அவன் போடும் சாப்பாட்டுக் கடைக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். கத்திச் சத்தம் கேட்டது.

“ண்ணா, இங்க மானுக்குப் புள்ளியே இல்லண்ணா.”

கத்திச் சத்தம் நின்றது. “தை மாசத்துல இருக்காதும்மா” என்றான்.

அப்புறம் நான் கேட்கக் கேட்க, கணக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னான். “இருமல்ல ரத்தம் வந்துச்சு. டி.பி.ன்னாங்க. ரெண்டு நாள்ல ஆஸ்பத்திரில வந்து சேரணும், எல்லாம் சரியாவ ஆறு மாசம் ஆவும்னாங்க. ஆறு மாசத்துக்கு ஆறு படம். கூட இருந்த நேபாளிக்காரன்தான் எடுத்தான். படம் எடுக்கறப்ப மட்டும்தான் மாஸ்க்கைக் கழட்டினேன். மாசம் ஒண்ணா அவனே போஸ்ட் பண்ணிட்டான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீதானம்மா எழுதியிருந்த, சீக்குன்னா சம்மந்தம் நின்னுடும்னு. உன் கையெழுத்துதான்.”

நானே பேச்சை முடித்துப் போனை வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் படகில் மருமகன் என்னென்னவோ காட்டினார், எதுவும் மனசில் ஏறவில்லை. விழுப்புரத்து வீடு, புருஷன், பிள்ளைகள், நேற்றுப் பிறந்த பேரன் வரை எல்லாம் அந்த ஆறு படத்தின் மேல் நிற்கிறது. நான் அதை வைத்தே அவனைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன். காது குத்து அன்றைக்கு அவன் கேசரி சாப்பிட்ட இடம் திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது.

ஊர் வந்ததும் விழுப்புரத்துக்குப் போகவில்லை. நேராகத் திண்டிவனத்தில் இறங்கி, பெட்டியோடு அவன் கடைக்குப் போனேன். இன்னும் கூட்டம் சேரவில்லை. படத்தை எடுத்து முன்னால் வைத்தேன். கடிபட்ட மூலையைத் தடவிப் பார்த்தான். “அன்னிக்கும் இப்டித்தான், படகு டிக்கெட்டைத் தின்னுடுச்சு” என்றான். பிறகு, “இந்தச் சட்டை அந்த நேபாளிக்காரனுது” என்றான்.

“என் கல்யாணத்தன்னிக்கு இன்னாண்ணா பண்ணிக்கினு இருந்த?”

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “முகூர்த்தம் இங்க எட்டு மணி. அங்க பதினொன்னரை. அந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரில சோறு வந்துடும். பொரிக்கு எங்க போறது? ஒரு புடி சோத்தை அள்ளி ஜன்னல் கட்டைல வச்சேன். கொஞ்ச நேரத்துல குருவி தின்னுட்டுப் போயிடுச்சு.”

அவன் சொல்லி முடித்துவிட்டுக் கரண்டியை எடுத்தான். மணையில் பொரிக்கு ஏந்திய மாதிரி இரண்டு கையையும் சேர்த்து அவன் முன்னால் நீட்டினேன். என்ன கேட்கிறேன் என்று புரியாமல் என் முகத்தைப் பார்த்தான். புரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் வடித்திருந்த சோற்றில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தான். ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. சோறு நன்றாகச் சுட்டது. படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான், எதிரே அழுதுகொண்டிருந்தான். நான் கையை எடுக்கவில்லை.